இடப்பக்கம் சாய்ந்த வால்

மத்தியானம் இரண்டு மணிக்குச் சுக்கானைக் கைமாற்றி வாங்கும்போது சந்தியாகு முதலில் பார்த்தது திசைகாட்டியை அல்ல. ஜன்னலுக்கு வெளியே வாலைத்தான். வால் இருந்தது. கப்பலின் மூக்குக்கு நேர் எதிரே, வெள்ளையாகக் கவிந்திருந்த மூடுபனிக்குள், ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு, கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து, இருந்தது. அப்புறம்தான் திசைகாட்டியைப் பார்த்தான். இறங்கிப் போகிறவன் "எழுபத்தெட்டு" என்று பாகையைச் சொல்ல, இவனும் "எழுபத்தெட்டு" என்று திருப்பிச் சொன்னான். கப்பலில் அது சட்டம். சுக்கான் பிடிக்கிறவனிடம் எதைச் சொன்னாலும் அதை அவன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் காதில் விழுந்தது என்று அர்த்தம். இனி நாலு மணி வரைக்கும் இந்தச் சக்கரம் அவனுடையது. நாற்பத்தொரு சரக்குக் கப்பல்கள் ஒன்பது வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, அட்லாண்டிக்கின் குறுக்கே லிவர்பூலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்று சொன்னார்கள். சொன்னார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றையும் கண்ணால் காணோம். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை விட்ட மூன்றாம் நாள் இந்தப் பனி இறங்கியது. பனியில் முன்னால் போகிற கப்பலின் முதுகில் மோதிவிடாமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கப்பலும் தன் பின்புறத்திலிருந்து நீளமான கம்பிக்கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். கட்டையின் முனையில் அகப்பை மாதிரி ஒரு தகர வாய். கப்பல் ஓட ஓட அந்த வாய் கடல்தண்ணீரை அள்ளி மேலே பீச்சும். பின்னால் வருகிறவனுக்குக் கப்பல் தெரியாது, விளக்குத் தெரியாது; பீச்சுகிற தண்ணீர் மட்டும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தமிழ் ஆட்கள் அதற்கு வால் என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது முன்னால் ஓடுவது இஞ்ஞாசியின் வால்.

இஞ்ஞாசி அவன் தம்பி, ஒரே தம்பி. அவன் இருப்பது முன்னால் போகிற கப்பலில். போர் தொடங்கியதும் கப்பல்களின் பெயர்களையெல்லாம் அழித்துச் சாம்பல் வண்ணம் அடித்துவிட்டதால் ஆட்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பலகையும் உத்தரமுமாக ஏற்றி வருகிற இந்தக் கப்பல் மரக்கடை. இரும்புக் கல்லை வயிறு முட்ட ஏற்றிக்கொண்டு முன்னால் போவது இரும்புப்பெட்டி. ஹாலிஃபாக்ஸில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது, பதினாலு மாதம் கழித்து அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். இரும்புப்பெட்டியின் பழைய வாலில் தகரம் பிய்ந்திருந்தது. பிஸ்கட் டின்னை வெட்டி அதற்கு ஒட்டுப் போட்டவன் இஞ்ஞாசி. "கொஞ்சம் கோணிப்போச்சுண்ணே. தண்ணி சாஞ்சு பீச்சினா தம்பி வேலைன்னு தெரிஞ்சுக்கோ" என்று சிரித்தான். தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லா, அந்த ஊர்க் கோயில் பெண்கள் பின்னி மாலுமிகளுக்குக் கொடுத்தது, காதுவரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். இருபத்திரண்டு வயதுக்காரன் அந்தக் குல்லாவில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தான். அதைச் சொன்னதற்கு, "ஒனக்கு ஏக்கம்லா, ஒனக்குக் குல்லா கொடுக்கலன்னு" என்றான். சந்தியாகு சக்கரத்தை ஒரு கைப்பிடி அளவு திருப்பி, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். மற்றக் கப்பல்களின் சத்தம் காதில் விழ வேண்டும் என்பதற்காக ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்கள். பனி உள்ளே வந்து முகத்தில் ஈரத்துணி போல ஒட்டியது. இந்த வேளைக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அதிகாரி, ரெண்டாம் மேட், ஜன்னலோரம் நின்று தேநீர்க் குவளையைக் கன்னத்தில் வைத்துச் சூடு வாங்கிக்கொண்டிருந்தார். வால் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிற வரைக்கும் அவன் இருக்கிறான். இதைவிட எளிதான கணக்கு உலகத்தில் கிடையாது.

எளிதாக இருந்தால் மனசு ஏன் அந்தப் படுக்கைக்கே போகிறது? அவன் படுக்கைக்கு மேல்தட்டில் ஒரு படுக்கை காலி. அதில் படுத்திருந்த ஆளைக் காய்ச்சல் என்று ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள். கீழக்கரைக்காரர் சாரங்கு, மாலுமிகளுக்கெல்லாம் தலைவர், அவரே வந்து சொன்னார்: "சந்தியாகு, மேல படுக்கை சும்மாதான கிடக்கு? உம்ம தம்பிய இங்க இழுத்துக்கிடுவோம். அந்தக் கப்பல் சாரங்குகிட்டப் பேசிட்டேன், அவருக்குச் சம்மதம். நீரு ஒரு வார்த்தை சொல்லும்." ஒரு வார்த்தை. இஞ்ஞாசி பையைக்கூடக் கட்டிவிட்டான். "அண்ணே, மரம் ஏத்தின கப்பல் ஓட்டை விழுந்தாலும் முங்காதாம்லா. மிதந்துக்கிட்டே கெடக்குமாம். எங்க பெட்டி அப்படி இல்ல. அடிபட்டா, ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிக்கதுக்குள்ள அடியில போயிருமாம்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "அதனால நான் ஒரு யோசனை வச்சிருக்கேன். மந்திரத்தைப் பாதியில நிறுத்திருவேன். முடிக்காம எப்படி முங்கும், பாப்போம்." தூத்துக்குடி வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போதும் அவன் அப்படித்தான். அப்பா போன பிறகு அந்த மந்திரத்தின் முதல் பாதியைச் சந்தியாகு சொல்வான். இரண்டாம் பாதியை அம்மாவும் இஞ்ஞாசியும் சொல்ல வேண்டும். அம்மா நிதானமாகச் சொல்ல, இஞ்ஞாசி குதிரையில் ஏறினவன் மாதிரி சொல்லி முடித்துவிட்டு அடுத்ததற்கு அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். சந்தியாகு வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொல்வான். தம்பி முழங்காலால் இடிப்பான்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தோணியில் போனார்கள். ஓடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு. மன்னார் கடலில் காற்றுத் திரும்பியது. தோணியும் வரவில்லை, ஓடும் வரவில்லை. ஒரே நாளில் ஒரே வீட்டில் இரண்டு தாலி இறங்கிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா இரண்டு பிள்ளைகளையும் பனிமய மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, ஆளுக்கு ஒரு கையைத் தன் தலையில் வைக்கச் சொன்னாள். இஞ்ஞாசிக்கு ஐந்து வயது, கை எட்டவில்லை, அம்மா குனிந்தாள். அண்ணனும் தம்பியும் ஆயுசுக்கும் ஒரே தோணியில் ஏறக்கூடாது. ஒருத்தன் போனாலும் ஒருத்தன் மிஞ்ச வேண்டும். அந்தத் தலையின் சூடு, எண்ணெய்ப் பிசுக்கு, அது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. இதோ இந்தச் சக்கரத்தின் பித்தளைக் குமிழில் கையை வைத்தாலும் அடியில் அது இருக்கிறது. ஆகவே சாரங்கிடம் முடியாது என்றான். "எங்க அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கோம்" என்றான். இஞ்ஞாசி கட்டின பையைத் தோளில் போட்டபடி நின்றான். "அம்மா தோணிக்குத்தான சொன்னா? இது கப்பல்லா." "எல்லாம் ஒண்ணுதான்." "எப்படிண்ணே ஒண்ணு? தோணியில கக்கூஸ் உண்டுமா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சந்தியாகு சிரிக்கவில்லை. தம்பி பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, "சரி, மூத்தவரே" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இரும்புப்பெட்டிக்குத் திரும்பிப் போனான். பலகை வழியாக ஏறும்போது திரும்பிப் பார்த்தானா? பார்த்தான் என்று சில சமயம் தோன்றுகிறது. பார்க்கவில்லை என்று சில சமயம்.

இங்கேதான் நூல் சிக்குகிறது. மூன்று நாளாக இங்கேதான். சாரங்கு கேட்டபோது முதலில் மனதில் வந்தது அம்மாவா? கண்ணை மூடாமல், வாலைப் பார்த்தபடியே, அந்த நிமிஷத்தை அவன் திருப்பித் திருப்பி எடுத்து வைத்துப் பார்த்தான், மீனுக்குள் முள் தேடுகிறவன் மாதிரி. சாரங்கு சொன்னார், இவன் தலையைத் தூக்கி மேல்தட்டைப் பார்த்தான். அங்கே அவனுடைய கம்பளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. காலுறைகள், துண்டு, ஈரமான எல்லாமும். கப்பலில் ஈரத்தைக் காயப்போட இடம் கிடைப்பது பெரிய பாக்கியம். தம்பி வந்தால் இதையெல்லாம் எங்கே போடுவது? ராவெல்லாம் மேலே இருந்து காலைத் தொங்கப்போட்டுப் பேசுவானே? அதுதான் முதலில் வந்தது. ஒரு கண் இமைக்கிற நேரம். அதற்கு அப்புறம்தான் அம்மா வந்தாள், கோயில் வந்தது, சத்தியம் வந்தது. வந்ததும் நல்லதாகப் போயிற்று என்று அதைப் பிடித்துக்கொண்டான். இல்லை, அப்படி இல்லை. சத்தியம் சத்தியம்தான், சட்டை காயாமல் கிடந்திருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பான். சொல்லியிருப்பானா? தூத்துக்குடித் தோணிக்கு ஒரு நியாயம் உண்டு. தோணி எல்லாம் ஒரே மாதிரி முங்கும். இங்கே ஒன்று முங்கும், ஒன்று மிதக்கும். அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் எங்கள் கைக்கு அடியிலிருந்து தலையை நகர்த்தியிருக்க மாட்டாளா? "ஸ்டெடி" என்றார் மேட், அசையாமல் பிடி என்று. "ஸ்டெடி" என்றான். பாகை ஒன்று விலகியிருந்தது. திருத்தினான்.

வால் சிறுத்துப்போயிருந்தது. முதலில் பனி கனத்துவிட்டது என்று நினைத்தான். பிறகு பார்த்தால், பனி அப்படியேதான் இருக்கிறது, தண்ணீர்தான் இறங்குகிறது: ஆள் உயரம் இடுப்பு உயரம் ஆயிற்று, இடுப்பு முழங்கால் ஆயிற்று. கப்பல் ஓடினால்தான் தகர வாய் தண்ணீரை அள்ளும். அள்ளவில்லை என்றால் ஓடவில்லை. "சார், முன்கப்பல் நிற்கிறது" என்றான். மேட் குவளையை வைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். ஒன்றும் இல்லை, வெள்ளை. வால் ஒரு கொப்பளிப்பாகக் கிடந்து, படுத்துவிட்டது. அடுத்த மூச்சில் பனிக்குள் ஒரு சுவர் கறுத்து எழுந்தது. "ஸ்டார்போர்டு பதினைந்து!" என்று மேட் கத்தினார். வலப்பக்கம் ஒதுங்கு என்று அர்த்தம். தம்பியை விட்டு ஒதுங்கு. சந்தியாகுவின் வாய் அதைத் திருப்பிச் சொன்னது. கை சக்கரத்தைச் சுழற்றியது. கப்பல் ஒரு கணம் கேட்காதது போல இருந்துவிட்டு மெல்ல மூக்கைத் திருப்பியது. இடப்பக்கமாக இரும்புப்பெட்டி வந்தது, மிக அருகில், கல்லெறி தூரம்கூட இல்லை. சரக்குக் கனத்தில் தாழ்ந்து, சத்தமில்லாமல், அலைக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றது. கொடிமரத்தில் இரண்டு கறுப்புப் பந்துகள் தொங்கின: என்னால் நகர முடியாது, விலகிப் போங்கள். கைப்பிடிக் கம்பியை ஒட்டி ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அதில் ஒரு தலை சிவப்பு.

"அண்ணே! ஏ அண்ணே!" இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டான். இரண்டிலிருந்து நாலு வரை சுக்கான் அண்ணன் கையில் என்று அவனுக்குத் தெரியும். ஹாலிஃபாக்ஸில் கேட்டு வைத்திருந்தான். சுக்கான் அறையைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கியிருந்ததால் உள்ளே நிற்கிறவன் முகம் தெரியாது. தெரியாத முகத்தைப் பார்த்துத்தான் பேசினான். "எஞ்சின்ல ஏதோ குழாய் வெடிச்சிட்டாம்! பொழுது சாயதுக்குள்ள சரியாக்கிருவாங்களாம்! நீ முன்னால போ, நான் பின்னாலேயே வந்துருதேன்! என்ன?" அந்த 'என்ன'வுக்குப் பதில் வேண்டும். சுக்கான் பிடிக்கிறவன் உத்தரவைத் தவிர வேறு எதையும் பேசக்கூடாது. கையை எடுத்தால் கப்பலின் பின்புறம் வீசி அவர்கள்மேல் இடிக்கும். சட்டம் என்று ஒன்று இருக்கிறது. புறப்படுமுன் எல்லாருக்கும் படித்துக் காட்டினார்கள்: பின்தங்கினவனுக்காக யாரும் நிற்கக்கூடாது, நின்றால் நிற்கிறவனும் போவான், அவனுக்குப் பின்னால் வருகிறவனும் போவான். காவல் கப்பல்கள் ஐந்தே ஐந்து. அவை கூட்டத்தோடுதான் போகும். பின்தங்கினவனைத்தான் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் தேடித் திரியும். "மிட்ஷிப்" என்றார் மேட், தணிந்த குரலில். சுக்கானை நடுவுக்குக் கொண்டுவா. சந்தியாகு திருப்பிச் சொல்ல வேண்டும். "மிட்ஷிப்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மேட் திடுக்கிட்டுத் திரும்பினார். அங்கே சிவப்புக் குல்லா நிமிர்ந்தது, கேட்டுவிட்டது. குல்லாவைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். "கேட்டுச்சு! கேட்டுச்சு மூத்தவரே!" என்றான். பிறகு பனி குறுக்கே வந்தது. சிவப்பு பழுப்பாயிற்று, பழுப்பு ஒன்றுமில்லாமல் போயிற்று.

பழைய பாகைக்குத் திரும்பினார்கள். சிறிது நேரத்தில் முன்னால் வேறொரு வால் தெரிந்தது, இரும்புப்பெட்டிக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த கப்பலுடையது. "நல்லது, அதைப் பிடித்துக்கொள்" என்றார் மேட். "பிடித்துக்கொண்டேன்" என்றான். நேராக, ஒல்லியாக, கொஞ்சமும் சாயாமல் பீச்சுகிற தண்ணீர். ஒட்டுப் போடாத தகரம். இவ்வளவு ஒழுங்காக ஒரு வாலை அவன் பார்த்ததே இல்லை, பார்க்கப் பிடிக்கவில்லை, அதைத்தான் பார்க்க வேண்டும். மூன்று மணி பத்து நிமிஷம். பொழுது சாய்வதற்குள் சரியாகிவிடும். குழாய்தானே, குழாயை மாற்றினால் ஓடும். பனியும் நல்லதுதான், பனியில் நீர்மூழ்கிக்கு மட்டும் கண் தெரியுமா? நாளைக்குக் காலையில் பனி விலகும்போது பின்வரிசையில் கோணல் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்பான். லிவர்பூலில் இறங்கியதும் சாரங்கைப் பிடித்து, அய்யா, மேல படுக்கை இன்னும் காலியாத்தான் கிடக்கு என்று சொல்லிவிட வேண்டும். அம்மாவிடம் எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை படித்துக் காட்டி, பதில் எழுதி, அது வந்து சேர ஆறு மாதம். எழுதவே வேண்டாம். சத்தியத்தை மீறின பாவத்தைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம். அவன் காலைத் தொங்கப்போட்டுப் பேசட்டும். ராத்திரி முழுக்கப் பேசட்டும். கப்பலில் எத்தனையோ கம்பிகள் இருக்கின்றன, சட்டையை எங்கேயும் காயப்போடலாம். காயாவிட்டால் ஈரச் சட்டையோடு நின்றால் செத்தா போய்விடுவார்கள்?

மூன்று நாற்பதுக்கு அது வந்தது. காதில் வரவில்லை, உள்ளங்காலில் வந்தது. தரைப்பலகைக்கு அடியில், பின்னாலிருந்து, வெகு தூரத்தில் யாரோ ஒரு பெரிய கதவைச் சாத்தினது போல. ஒன்று. ஒன்றே ஒன்று. மேட் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சந்தியாகுவின் பக்கம் பார்க்காமல், "காவல் கப்பல் நீர்மூழ்கிக்கு வெடி போடுகிறது போல" என்றார். நல்ல மனுஷன். காவல் கப்பல் வெடி போட்டால் ஒன்றோடு நிறுத்தாது. ஐந்து, ஆறு, சம்மட்டி அடிப்பது போலத் தகட்டில் டங் டங்கென்று விழும். அது இருவருக்கும் தெரியும். சந்தியாகு இரண்டாவதற்காகக் காத்திருந்தான். வாழ்நாளில் எதற்கும் அவன் அப்படிக் காத்திருந்ததில்லை. இரண்டாவது வரவில்லை. உதடு தானாக அசைந்தது. அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதி. தாயை வாழ்த்துவதும், அவள் பிள்ளையை வாழ்த்துவதும். அது முடிகிற இடத்தில் ஓர் இடைவெளி உண்டு. அங்கே மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். சாவு வேளை என்கிற சொல் வருவது அந்த மற்ற பாதியில்தான். சந்தியாகு பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டான். நிறுத்திவிடுவேன், முடிக்காமல் எப்படி முங்கும், பாப்போம். "பாகை?" என்று மேட் கேட்டார். வாய் திறந்தால் மற்ற பாதி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. "எழுபத்தெட்டு" என்றான்.

நாலு மணிக்கு அடுத்துச் சுக்கான் பிடிக்கக் கலந்தர் நயினா வந்தான். கீழே தூங்கி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, கம்பளிக்குள் சுருண்டுகொண்டு வந்தான். நேற்றிலிருந்து சுக்கான் கைமாறுகிறபோதெல்லாம் கேட்கிற கேள்வியையே கேட்டான். "என்ன அண்ணாச்சி, தம்பி வாலை ஒழுங்கா ஆட்டுறாரா?" மேட்டுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுபத்தெட்டு" என்றான் சந்தியாகு. "எழுபத்தெட்டு" என்று திருப்பிச் சொல்லிக் கலந்தர் சக்கரத்தைப் பிடித்தான். பிடித்த பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். நேராக நிற்கிற தண்ணீரைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "அண்ணாச்சி" என்றான், வேறு குரலில். சந்தியாகு படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

மேல்தட்டுப் படுக்கையில் எல்லாம் காய்ந்திருந்தன. காலுறைகளை எடுத்தான், துண்டை எடுத்தான், கம்பளிச் சட்டையை எடுத்து மடித்துத் தன் படுக்கையின் கால்மாட்டில் வைத்தான். சுருட்டி வைத்திருந்த மெத்தையை விரித்து, கையால் தட்டி, மேடு பள்ளம் நிரவினான். தலையணை இல்லை, தன்னுடையதை எடுத்து வைத்தான். பிறகு கீழே தன் இடத்தில் படுத்து, ஒரு முழம் உயரத்தில் இருந்த அந்தப் படுக்கையின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டு, முதல் பாதியைச் சொன்னான். இழுத்து இழுத்து, வீட்டில் சொல்வது போல, முழங்கால் இடி வாங்குகிற அளவுக்கு மெதுவாகச் சொன்னான். சொல்லி, நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மரப்பலகைகள் சரக்கறையில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. மற்ற பாதி அவனுடையது அல்ல. அது இஞ்ஞாசி சொல்ல வேண்டியது. சந்தியாகு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.